கிளாரா பேட்டர்ஸின் மேசையிலிருந்து என் மேசைக்கு

டென் ஹாக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டம் வெர்மீர் இருக்கும் அறையைத்தான் முதலில் தேடும். முத்துத்தோடு போட்ட அந்தப் பெண்ணின் அழகைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், படம் வரைந்து பிழைக்கிறவளாக நான் பாடம் கேட்கப் போவது அதே அருங்காட்சியகத்தில் உள்ள வேறொரு சிறிய படத்திடம்.

ஓக் பலகையில் தைல வண்ணம். உயரம் 34.5 சென்டிமீட்டர், அகலம் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரிய சீஸ் துண்டுகள். அவற்றின் உச்சியில் சீனப் பீங்கான் தட்டு, அதில் சீவிப் போட்ட வெண்ணெய்ச் சுருள்கள். பாதாம், உலர்ந்த அத்தி, பிரெட்ஸல், ரொட்டி. பின்னால் வெனிஸ் பாணிக் கண்ணாடிக் கோப்பையும் வெள்ளீய மூடி போட்ட ஒரு ஜாடியும். சுமார் 1615இல் வரைந்தது. முன்னால் கிடக்கும் வெள்ளிக் கத்தியின் பக்கவாட்டில் ஒரு பெயர் பொறித்திருக்கிறது: கிளாரா பேட்டர்ஸ். ஜாடியின் மூடியை உற்றுப் பார்த்தால் தலையில் தொப்பி வைத்த ஒரு பெண் தெரிவார். வரைந்தவரேதான்.

இந்தப் படம் மௌரிட்ஸ்ஹௌஸுக்கு வந்ததே 2012இல்தான். வரைந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து.

கிளாராவைப் பற்றி ஏட்டில் இருப்பது மிகவும் கொஞ்சம். அவர் தேதியிட்ட படங்கள் 1607இல் தொடங்கி 1621இல் நின்றுவிடுகின்றன. அவருடையவை என்று இன்று ஏற்கப்படுபவை நாற்பது சொச்சம். ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயர் காணப்படவில்லை. எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், யாரை மணந்தார் என்பதற்கெல்லாம் உறுதியான சான்று கிடையாது. அவரை ஆன்ட்வெர்ப்போடு கட்டிப்போடும் வலுவான சாட்சி, மரம்தான். அவர் வரைந்த சில பலகைகளின் பின்புறத்தில் அந்த நகரத்துப் பலகைத் தச்சர்களின் முத்திரை, ஒரு கோட்டையும் இரண்டு கைகளும், சூடு போட்டுப் பதித்திருக்கிறது.

இவ்வளவு குறைவான வரலாறு உள்ள ஒருவர் ஓர் அருங்காட்சியகம் எழக் காரணமாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்காவைச் சேர்ந்த வில்ஹெல்மினா ஹாலடே, தன் கணவரோடு ஐரோப்பாவில் சுற்றியபோது கிளாராவின் படங்களைப் பார்த்து மயங்கினார். ஊர் திரும்பி ஜான்சன் எழுதிய புகழ்பெற்ற கலை வரலாற்று நூலைப் புரட்டினால் கிளாரா மட்டுமல்ல, ஒரு பெண் ஓவியர்கூட அதில் இல்லை. அன்று தொடங்கிய சேகரிப்புதான் 1987இல் வாஷிங்டனில் பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தது. மத்ரீதில் உள்ள பிராதோ, ஒரு பெண் ஓவியருக்கென்று தன் முதல் கண்காட்சியை நடத்தியது 2016இல், அதுவும் கிளாராவுக்குத்தான். அதற்கு முன் அதே கண்காட்சி ஆன்ட்வெர்ப்பில் நடந்தது.

வரலாற்றாசிரியர்கள் ஆவணம் தீர்ந்த இடத்தில் நிற்கிறார்கள். அது அவர்கள் தொழில் நேர்மை. ஆனால் தினமும் மேசையில் சாமான்களை அடுக்கி, வெளிச்சம் போவதற்குள் வரைந்து முடிக்கப் போராடுகிற எங்களுக்கு, கிளாராவின் பலகையில் படிக்க நிறைய இருக்கிறது. அவருடைய பிறந்த நாள் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் ஜன்னலை வைத்துக்கொண்டார், எதைக் கண்மட்டத்தில் வைத்தார், எங்கே பொறுமையாக உட்கார்ந்தார், எங்கே நாலு வீச்சில் முடித்தார் என்பதையெல்லாம் கூட நின்று வேலை செய்த ஆளைப் போலத் தெரிந்துகொள்ள முடிகிறது.

நான் படித்த கல்லூரியில் ஸ்டில் லைஃப் என்றால் முதலாண்டுப் பயிற்சி. ஒரு மண்குடம், நாலு வெங்காயம், மடிப்பு விழத் தொங்கவிட்ட துணி. அதைத் தேறிவிட்டால் மனித உருவம், நிலக்காட்சி, பிறகு ‘சொந்தக் கற்பனை’. சாமான்களிலேயே தங்கிவிட்டவரை வளராதவர் என்பார்கள். இந்த ஏளனம் பழையது. 1667இலேயே பிரெஞ்சு அகாதெமியின் ஃபெலிபியான் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தி, அசையாப் பொருள்களைக் கடைசிப் படியில் உட்காரவைத்தார். அப்போது கிளாராவின் படங்களுக்கு அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது.

பெண்களுக்கு ஆடையற்ற ஆண் உடலைப் பார்த்து வரையும் பயிற்சி மறுக்கப்பட்டது, அதனால்தான் பூவும் பழமும் வரைந்தார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். தடை இருந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு விளக்கத்தோடு கிளாராவை மூடிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1607, 1608 வாக்கில் மேசைப் படங்கள் வரைவது ஃபிளாண்டர்ஸில் புத்தம்புதிய துறை. நடந்து தேய்ந்த பாதை எதுவும் அங்கே இல்லை. 1611இல் அவர் வரைந்து இப்போது பிராதோவில் இருக்கும் மீன் படம், தனி மீன் படங்களில் தேதி தெரிந்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. மறுக்கப்பட்டதற்கு மாற்றாக ஏதோ செய்தார் என்று சொல்லும்போது, அவர் தொடங்கிவைத்தது கண்ணில் படாமல் போகிறது.

இனி வேலைக்கு வருகிறேன்.

அவருடைய மேசைகளில் வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வலக்கையால் வரைகிறவருக்கு அதுதான் வசதி. கையின் நிழல் வேலைமேல் விழாது. முந்தைய படங்களில் மேசையைச் சற்று மேலிருந்து பார்க்கிறார். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல், முழு வட்டம் தெரிய நிற்கிறது. பின்னாளில் பார்வை இறங்கி, ஏறக்குறைய மேசை மட்டத்துக்கு வந்துவிடுகிறது. சாமான்கள் ஒன்றையொன்று மறைக்கின்றன, நிறங்கள் குறைகின்றன, பின்புலம் இருளுகிறது. இதை நான் உடம்பால் புரிந்துகொண்டேன். நின்று வரைந்தால் தட்டின் வட்டம் அகலமாகத் தெரியும். அதை நிரப்பப் பொருள் தேடுவோம். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தால் தட்டு ஒரு கோடாகச் சுருங்கும்; எது முன்னால், எது பின்னால் என்பதுதான் படத்தின் பேச்சாகிவிடும். சீஸ் மலைபோல் எழுவது அப்போதுதான்.

அதே கத்தி, அதே பொன்முலாம் கிண்ணம், அதே மாதிரிப் பீங்கான் பல படங்களில் திரும்ப வருகின்றன. இதைக் கற்பனை வறட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பாத்திரத்தை முதல் தடவை வரையும்போது அதன் வடிவம்தான் கைக்கு வரும். அடுத்தடுத்து வரைகையில்தான் அதன்மேல் வெளிச்சம் எப்படி வழுக்குகிறது, விளிம்பு எங்கே காணாமல் போகிறது என்று பிடிபடும். என்னிடம் ஒரு எவர்சில்வர் சொம்பு, இரண்டு டம்ளர், மூடி போட்ட ஒரு தூக்குவாளி இருக்கின்றன. இவற்றைத்தான் ஆண்டுக்கணக்கில் வரைகிறேன்.

எவர்சில்வரைத் தேடிப் போய் எடுக்கவில்லை. வீட்டில் புழங்குவது அதுதான். கிளாராவிடமிருந்து கற்றுக்கொண்ட பிரதிபலிப்பை வரைய, அதைவிட நல்ல பாத்திரமும் இல்லை.

பளபளப்பான பாத்திரத்தை நேர்மையாகப் பார்த்து வரைந்தால் அதில் வரைகிறவரும் தெரிந்தே தீருவார். எதிரில் நிற்பது அவர்தானே. பல ஓவியர்கள் அந்த இடத்தில் ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு, தங்களை இருட்டாக்கிவிடுவார்கள். கிளாரா தன்னை அழிக்கவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே நகரத்தில் உள்ள 1612ஆம் ஆண்டுப் படத்தில் பூச்சாடி, நாணயங்கள், சிப்பிகளோடு பொன்முலாம் பூசிய கிண்ணங்கள் நிற்கின்றன. ஒரு கிண்ணத்தின் உடம்பில் உள்ள புடைப்புகளில் குறைந்தது ஆறு இடத்தில் அவர் நிற்கிறார், கையில் பேலட்டும் தூரிகையுமாக. ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுதான். பிராதோவின் 1611ஆம் ஆண்டுப் படமொன்றில் கிண்ணத்திலும் வெள்ளீயக் கூஜாவிலும் இருக்கிறார்.

இதைப் பார்வையாளரோடு ஆடும் கண்ணாமூச்சி என்று சொல்பவர்கள், அதைச் செய்து பார்க்காதவர்கள். புடைத்த பரப்பில் விழும் பிம்பம் தலை அசைந்தால் கூடவே நகரும். ஒரு புடைப்பைப் பார்த்து வரைந்துவிட்டு அடுத்த புடைப்புக்குப் போவதற்குள், கழுத்து ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகாது. நான் நாற்காலிக் கால்களுக்குத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். தலைக்கு மட்டம், எதிர்ச்சுவரில் ஒரு கோடு. ஒவ்வொரு புடைப்பும் வேறு திசை பார்ப்பதால் உருவம் ஒன்றில் நடுவில் நிற்கும், இன்னொன்றில் ஓரத்துக்கு ஒதுங்கும். கிளாராவும் ஒரே உருவத்தை ஆறு தடவை நகலெடுத்து ஒட்டவில்லை. அந்தந்தப் புடைப்பில் தெரிந்த இடத்தில் தன்னை வைத்திருக்கிறார். உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு ஆவணம் வேண்டாம்.

பாத்திரத்துக்குப் பாத்திரம் ஆளும் மாறுவார். டம்ளர் ஒரே திசையில் வளைந்தது. அதில் நான் குச்சியாக மெலிந்து நெடுக நிற்பேன். சொம்பின் வயிறு இரண்டு திசையிலும் வளைந்தது; அதில் உருவம் சுருங்கும், ஆனால் அறை முழுக்க உள்ளே வந்துவிடும்: ஜன்னல், ஈசல், பக்கத்து அலமாரி, மேசையின் முன்விளிம்பு வில்லாக வளைந்து. கரண்டிக் குழிவில் தலைகீழ். வலக்கையில் பிடித்த தூரிகை, பிம்பத்தில் உள்ள ஆளுக்கு இடக்கையில் இருப்பதாகத் தோன்றும். மூளை அதைத் திருத்தத் துடிக்கும்; திருத்தவிடக் கூடாது.

உலோகம் தன் நிறத்தைப் பிம்பத்துக்கும் ஏற்றிவிடும். பொன்முலாமில் வெள்ளைத் தொப்பிகூட மஞ்சளாகத்தான் தெரியும், நிழல் செம்பழுப்பாகும். வெள்ளீயம் எல்லாவற்றையும் சாம்பலாக்கி, விளிம்புகளை மழுங்கவைக்கும். எவர்சில்வர் அப்படிச் செய்யாது. சீஸின் மஞ்சள் மஞ்சளாகவே அதில் நிற்கும், சிவப்புத் துணி சிவப்பாகவே. அதனால் எவர்சில்வருக்கென்று தனியாக ஒரு சாம்பல் கலந்து வைக்கிற பழக்கத்தை நான் மாணவர்களிடம் முதலில் நிறுத்தச் சொல்வேன். சொம்பு என்ற ஒரு நிறம் கிடையாது. அதைச் சுற்றி உள்ளவற்றின் நிறம்தான் சொம்பின் நிறம். கடும் இருட்டையும் கடும் வெளிச்சத்தையும் நடுவில் இடைவெளி விடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மினுக்கம் தானே வந்துவிடும்.

கீழ்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா அவ்வப்போது மேலே வந்து பார்ப்பார். “என்ன பிள்ளை, எந்த நேரமும் சாப்பாட்டுச் சாமானையே வரைஞ்சு கொண்டிருக்கிறாய். ஆக்களை வரைய மாட்டியோ?” என்று ஒருநாள் கேட்டார். “ஆளும் இருக்கு அன்ரி, இந்தச் சொம்புல பாருங்க” என்றேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தவர், “ஓமடி, நீ நிக்கிறாய். சட்டை நிறம்கூடத் தெரியுது” என்றார். பிறகு வெகுநேரம் ஒவ்வொரு பாத்திரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டில் லைஃப் முன்னால் ஒருவரை இவ்வளவு நேரம் நிறுத்தியதற்கு நான் கிளாராவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அரிசிமணி அளவில் முகம் வரைய வேண்டுமானால் தளம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கேன்வாஸின் இழை தூரிகை நுனியைத் தடுக்கும். அதனால் நானும் ஓக் பலகைக்கு மாறிவிட்டேன். சாக் பவுடரை விலங்குப் பசையில், நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே அதே சாதிப் பசையில், குழைத்துப் பல பூச்சாகப் பூசி, காயவைத்துத் தேய்க்க வேண்டும். வடக்கு ஐரோப்பாவில் அக்காலப் பலகைகளுக்கு இதுதான் வழக்கம். வெண்மையான அந்தத் தளம் மெல்லிய வண்ணப் பூச்சுகளுக்குக் கீழிருந்து ஒளி கொடுக்கும்.

அந்தத் தலைமுறை ஓவியர்களின் மஞ்சள், ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்டுச் செய்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது புழக்கத்திலிருந்து மறைந்து, செய்முறையே மறந்துபோய், 1941இல் மியூனிக்கில் யாகோபி என்ற ஆய்வாளர் பழைய ஓவியங்களிலிருந்து அதை அடையாளம் கண்டார். இப்போது ஒருசில சிறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. காட்மியம் மஞ்சளைப் போல் கத்தாது. சற்றே வெளிறி, கெட்டியாக, தூரிகைத் தடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். வெண்ணெய்ச் சுருளின் விளிம்புக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குக் கிடைக்கவில்லை. ஈயம் நஞ்சு, கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன், பொடியாக வாங்கவே மாட்டேன்.

சாப்பாட்டுப் பொருள்களுக்கு ஒரு கடிகாரம் உண்டு. வரைகிறவர் அதற்குக் கட்டுப்பட்டவர். வெட்டிய சீஸின் முகம் முதல் நாள் ஈரமாக, ஒரே நிறத்தில் இருக்கும். மறுநாள் ஓரம் கருக்கும். அறை கதகதப்பாக இருந்தால் எண்ணெய் கசியும். பிறகு வெடிப்பு ஓடும். மௌரிட்ஸ்ஹௌஸ் படத்தில் அந்த வெடிப்புகளும் பள்ளங்களும் அத்தனை நுணுக்கமாக இருக்கின்றன. அவர் மேசையில் அந்தச் சீஸ் சில நாளாவது கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். வெண்ணெய்ச் சுருள் அப்படிக் காத்திருக்காது. நான் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அது தளர்வதற்குள் வரைந்துவிட்டு உள்ளே வைத்துவிடுவேன். அவர் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தாரா, மனத்தில் பதித்துக்கொண்டு வரைந்தாரா? படத்தில் வெண்ணெய் மட்டும் மற்றதைவிட விரைவான கையில் இருப்பதாக எனக்குப் படும். ஒவ்வொரு சுருளும் தூரிகையின் ஒரே இழுப்பு போலத்தான் தெரிகிறது.

கத்தியில் பெயர் பொறித்த விஷயம் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் விருந்துக்குப் போகிறவர்கள் சொந்தக் கத்தியைக் கொண்டுபோவார்கள். திருமணத்துக்கு மணப்பெண் பெயர் பொறித்த வெள்ளிக் கத்தி பரிசளிப்பதும் உண்டு. அப்படி ஒரு கத்தியைத் தன் பெயரோடு பல படங்களில் வைத்திருக்கிறார் கிளாரா. படத்தின் மூலையில் கையொப்பம் போட்டிருந்தால் அதை யாரும் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதலாம். பெண் ஓவியர்கள் பலரின் படங்களுக்கு அந்தக் கதி நேர்ந்தது. அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த ஹார்லெம் ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் படம் ஒன்று, ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் விற்கப்பட்டு, 1893இல்தான் அவருடையது என்று தெரியவந்தது. கிளாராவின் பெயரோ பொருளின் உடம்பிலேயே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் கத்தியையே எடுக்க வேண்டும். இவ்வளவும் யோசித்துத்தான் செய்தார் என்று சான்று காட்ட முடியாது. ஆனால் நான் என் பெயரைப் பலகையின் மூலையில் போடுவதை விட்டுவிட்டேன். நம் வீடுகளில் பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார் அல்லவா? அப்படி வெட்டிய பெயர் என் சொம்பின் கழுத்தில் இருக்கிறது. அதை அப்படியே வரைகிறேன். அதுதான் என் கையொப்பம்.

அடுத்த பலகைக்குத் தளம் காய்ந்துகொண்டிருக்கிறது. பிராதோவின் 1611ஆம் ஆண்டு மீன் படத்தை மனத்தில் வைத்து, நன்னீர் மீனும் ஆர்ட்டிசோக்கும் இறாலும் நண்டும். மீன்தான் எல்லாவற்றையும்விட அவசரக்காரர். சந்தையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் கண் குழிந்து பால்படரும், செதில் மினுக்கம் மங்கும். அதனால் பின்புலம், மேசை, அரிகரண்டி, தூக்குவாளி எல்லாவற்றையும் முதலில் முடித்து, மீனுக்கு மட்டும் வெற்றிடம் விட்டுவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டென் ஹாக்கின் ஹாக்ஸ மார்க்ட் சந்தைக்கு விடிந்ததும் போய் மீன் வாங்கி வந்து, முதலில் கண், பிறகு வயிற்றின் வெள்ளி, கடைசியில் வால். தூக்குவாளி மூடியில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதற்கு நாற்காலியின் இடத்தைக் குறித்துவிட்டேன்.